கைராசிக்காரியின் விளை

மலையாளக் கும்ப மாதத்தில் முதல் கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, ராஜபாய் டீச்சர் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பத்து சென்ட் தோட்ட விளையில் மண்வெட்டியோடு இறங்கினாள். மண் நன்றாக நனைந்து இளகிக் கிடந்தது. நாலு கொத்துக் கொத்தியிருப்பாள், கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. அவளுக்குப் பகீரென்றது. யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாது. எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

வந்தது மினி. சர்ச்சுக்கு அந்தப் பக்கம் வீடு. பயறு நடப்போகிறாளாம், டீச்சர் வந்து முதல் விதையைப் போட்டுத் தந்தால் போதுமாம். அஞ்சு நிமிஷ வேலை, வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போய் வண்டியிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவாளாம். ராஜபாய் 'இன்றைக்கு முடியாது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது "கை கழுவிட்டு வாறேன்" என்பது.

அஞ்சு நிமிஷம் என்பதெல்லாம் சும்மா. விதை போட அரை நிமிஷம் போதும். அதற்குப் பிறகு சாயா, சாயாவுக்கு ஏத்தங்காய் சிப்ஸ், மினியின் மாமியாருடைய சுகர் ரிசல்ட், புதிதாக வாங்கின ஆட்டுக்குட்டி, மருமகன் துபாயிலிருந்து அனுப்பின போட்டோ. எல்லாவற்றையும் பார்த்து முடித்து வீடு திரும்பும்போது வெயில் உச்சந்தலைக்கு வந்திருந்தது. காரக்கோணம் போகிற பஸ்கூட இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டது. விளையில் கொத்திப் போட்ட மண் அதற்குள் வெளுத்துவிட்டது.

இந்தக் கைராசிக் கதை கொரோனா வருஷத்தில் தொடங்கியது. ஊரெல்லாம் வீட்டில் அடைந்து கிடந்தபோது, மொட்டைமாடியில் குரோபேக் வைத்துக் காய்கறி போடுகிற பைத்தியம் எல்லாருக்கும் பிடித்தது. பக்கத்து வீட்டு ஸ்ரீகுமாரிக்கும் பிடித்தது. அவள் வீட்டில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள். ஒரு நாள் மதில்மேல் எட்டிப் பார்த்த ராஜபாயிடம் ஒரு பிடி பாவல் விதையைக் கொடுத்து, டீச்சர் கையால் போடுங்கள் என்றாள். ராஜபாயும் போட்டாள். பாவல் காய்த்துத் தள்ளியது. பாவக்காய் தின்னத் தின்ன அந்தத் தெருவுக்கே நாக்கு மரத்துப்போயிற்று. ஸ்ரீகுமாரி தினமும் இரண்டு நேரம் சாணித் தண்ணீர் கரைத்து ஊற்றியதை ஊர் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்ரீகுமாரியே எடுக்கவில்லை. டீச்சருடைய கைராசி என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

பிறகு கேட்க வேண்டுமா? கத்தரி வைக்க டீச்சர், சேனை நட டீச்சர், தென்னம்பிள்ளைக்குக் குழி எடுத்தால் டீச்சர். கோழிக்கு முட்டை அடை வைக்கக்கூட ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். அவளும் போய் முட்டையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, அந்தக் கோழியிடம் இரண்டு கொத்தும் வாங்கிக்கொண்டு வந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள். அந்த ஊரில் பாதிப் பேருக்கு மூக்கு சிந்திவிட்டிருக்கிறாள். கூப்பிட்டால் போகாமல் இருந்தால், டீச்சருக்குத் தலைக்கனம் என்பார்கள். அதைவிட மோசமாக, அடுத்தவன் விளைச்சலில் பொறாமை என்பார்கள்.

அங்கன்வாடி வேலை இருந்தவரை இதை அவளும் சிரித்துக்கொண்டே செய்தாள். போன வருஷம் ரிட்டயர் ஆனாள். அப்போதுதான் தனக்கென்று ஒரு பிடி மண்ணில் தான் ஒன்றுமே நட்டதில்லை என்று உறைத்தது. பின்னால் கிடந்த விளையில் அவள் வீட்டுக்காரர் சுந்தரதாஸ் காலங்காலமாக மரச்சீனிக் கிழங்குதான் நட்டுவந்தார். முழங்கால் முட்டு வலி வந்து அவர் மண்வெட்டியைக் கீழே வைத்ததும் விளை காடாகிவிட்டது. ஒரு நாள் துணி துவைக்கிற அலக்குகல் பக்கத்தில் அணலிப் பாம்பு சுருண்டு கிடந்தது. அன்றைக்கே சுந்தரதாஸ் முடிவெடுத்துவிட்டார். பெருங்கடவிளையில் பொன்னப்பன் என்று ஒருவன், ஊர் ஊராக நிலம் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்து ஏத்தவாழை வைக்கிறவன். அவனுக்குக் கொடுத்துவிட்டால் காடும் ஒழியும், பாம்பும் ஒழியும்.

ராஜபாய் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனிடம் ஒன்றைக் கேட்டாள். அந்த விளை எனக்கு வேணும் என்றாள். சுந்தரதாஸ் மோசமான மனுஷன் இல்லை. கொஞ்ச நேரம் கால் முட்டைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, ஈஸ்டர் வரைக்கும் பார்ப்போம் என்றார். அதற்குள் விளையில் பச்சை தெரிந்தால் அவளுக்கு. தெரியாவிட்டால் பொன்னப்பனுக்கு. ஒருமுறை வாழை வைத்துவிட்டால் அவன் லேசில் விளையை விடமாட்டான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அதிலிருந்து அவள் சும்மா இருக்கவில்லை. மகர மாதம் முழுக்கச் சாயங்காலங்களில் வாசல் சிட்அவுட்டில் உட்கார்ந்து, பாவலும் புடலையும் படர்வதற்குக் கயிற்றில் வலை பின்னினாள். உள்ளங்கை தோல் உரிந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் பின்னினாள். பிஞ்சுகளை ஈ குத்தாமல் மூடிக் கட்டுவதற்காகப் பழைய சேலையைக் கிழித்துச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்து வைத்தாள். விதையும் சேர்த்தாள். பாவல், புடலை, தடியங்காய், சீனி அவரை என்று ஹார்லிக்ஸ் பாட்டில்களில் சாம்பல் புரட்டி அடைத்து வைத்தாள். அத்தனையும் தயார். மண்ணைக் கொத்துகிற வேலை ஒன்றுதான் பாக்கி.

அந்த ஒன்றுதான் நடக்கவில்லை. தனக்கு மழை பெய்த அன்றைக்கே ஊருக்கும் மழை பெய்தது என்பதை அவள் யோசித்திருக்கவில்லை. மினி வந்ததற்கு அடுத்த நாள் யோசுவா வந்தார், சர்ச் கமிட்டிக்காரர். காச்சில் கிழங்கு நடவேண்டுமாம். அதற்கு அடுத்த நாள் தனுவச்சபுரத்திலிருந்து ஒருத்தி ஆட்டோ பிடித்தே வந்துவிட்டாள். ராஜபாய் அவளை அதற்கு முன் பார்த்ததுகூட இல்லை. மத்தியானத்தில் கொத்தலாம் என்று ஒரு நாள் இறங்கினாள். மீன மாதத்து வெயில் தலையைச் சுற்றவைத்து அவளைப் பலாமரத்தடியில் உட்காரவைத்தது. சாயங்காலம் என்றால் நோம்பு காலத்து ஜெபக்கூட்டம். பின்னி வைத்த வலை துணி காயப்போடுகிற கம்பியில் தொங்கியது. சுந்தரதாஸ் அதன்மேலேயே தன் லுங்கியைக் காயப்போட்டார். பார்த்ததும் அவளுக்கு அழுகை முட்டியது. லுங்கியை உருவித் தரையில் வீசினாள். பிறகு அவளேதான் அதை எடுத்து மறுபடி அலசினாள்.

சுந்தரதாஸுக்கு இதில் ஒரு தமாஷும் இருந்தது. ஊருக்கெல்லாம் முளைக்கிற கை வீட்டுக்கு மட்டும் முளைக்கவில்லையே என்பார். கைராசியாவது மண்ணாங்கட்டியாவது, தண்ணி ஊத்துகிறவன் தோட்டம் முளைக்கும் என்பார். அது சரிதான் என்று அவளுக்கும் தெரியும். சரியான பேச்சு சில நேரம் எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்பதும் அப்போது தெரிந்தது. ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கு என்று வேறு அவர் நினைவுபடுத்தினார். மனசுக்குள் அவள் யாரையெல்லாமோ திட்டினாள். மினியைத் திட்டினாள், யோசுவாவைத் திட்டினாள், பாவலைத் திட்டினாள். கடைசியில் தன் வாயைத்தான் திட்ட வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீகுமாரி புடலை விதையோடு வந்தாள். வீட்டுக்கு மேற்கே புதிதாக நடவுத் தடம் எடுத்திருக்கிறாளாம். நாளைக் காலை டீச்சர் வந்து நட்டுத் தரவேண்டும். அவள் கையில் இருந்த விதைகளைப் பார்த்தபோது ராஜபாய்க்கு அந்த யோசனை வந்தது. எங்கிருந்து வந்தது என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்தாள், கர்த்தரிடமிருந்து வந்திருக்காது. புடலை விதைக்கு ஓடு கெட்டி, ஒரு ராத்திரி தண்ணியில் கிடக்கணும், நானே ஊறப்போட்டுக் கொண்டுவாறேன் என்று விதையை வாங்கிக்கொண்டாள்.

சாயாவுக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அப்படியே அந்த விதைமேல் ஊற்றி மூடி வைத்தாள்.

கைராசி என்ற ஒன்று இருக்கப்போய்த்தானே இந்தப் பாடு? ஒரு இடத்தில் முளைக்காமல் போகட்டும். ஸ்ரீகுமாரி தொடங்கி வைத்த பேர், ஸ்ரீகுமாரி வீட்டிலேயே கெட்டுப்போகட்டும். ஒரு வாரத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும், டீச்சர் கை விட்டுப்போச்சு என்பார்கள். என்னவேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், ஆளை விட்டால் சரி. இப்படி நியாயம் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் அன்றைய குடும்ப ஜெபத்தில் அவளால் கண்ணை மூட முடியவில்லை. அடுக்களை மேடையில் இருந்த அந்தக் கிண்ணத்தின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை வெந்த விதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கிழக்கே பார்த்து நின்று, முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு நட்டுவிட்டு வந்தாள். ஸ்ரீகுமாரி கொடுத்த சாயா அன்றைக்கு அவளுக்கு இறங்கவே இல்லை.

ஒரு வாரம் போயிற்று. மதில் பக்கமாகப் போகும்போதெல்லாம் ராஜபாய் எட்டிப் பார்ப்பாள். ஒன்றும் முளைக்கவில்லை. முளைக்கவில்லை என்று சந்தோஷப்பட்ட ஒரே தோட்டக்காரி உலகத்தில் அவளாகத்தான் இருக்கும். ஆனால் ஊரில் ஒரு பேச்சும் கிளம்பவில்லை. கூப்பிட வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் ஸ்ரீகுமாரி பின்வாசல் வழியாக வந்தாள். கண் வீங்கியிருந்தது. விஷயம் வெளியே வந்துவிட்டது என்று ராஜபாய் நினைத்தாள். ஸ்ரீகுமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். தப்பெல்லாம் தன்னுடையதுதானாம். குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கக் கூடாதாம், அதில் மருந்து இருக்கிறதாம். கோழி வேறு கிண்டிவிட்டதாம். டீச்சர் தொட்டு வைத்த விதையைக் கெடுத்த பாவம் தனக்குத்தானாம். டீச்சருடைய பேருக்கு ஒரு குறை வரக்கூடாது என்று புருஷனிடம்கூட இதைச் சொல்லவில்லையாம். புது விதை வாங்கி வைத்திருக்கிறாள், நாளன்றைக்கு ஒரு தடவை வந்து மறுபடி நட்டுத் தரமுடியுமா என்று கேட்டாள்.

ராஜபாய்க்குத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"தப்பு ஒன்கிட்ட இல்ல ஸ்ரீ. நானாக்கும் அந்த விதையில கொதிக்கத் தண்ணிய ஊத்தினது. வேணும்னே ஊத்தினேன்."

ஸ்ரீகுமாரி அந்த வீங்கின கண்ணோடு சிரித்தாள்.

"எனக்க சங்கடம் மாறுறதுக்காக இப்பிடியெல்லாம் சொல்லாண்டாம் டீச்சரே. ஒங்களுக்க மனசு எனக்குத் தெரியாதா?"

ராஜபாய் சத்தியம் செய்தும் பார்த்தாள். டீச்சர் எனக்காகப் பொய்ச் சத்தியம் வரைக்கும் செய்தாங்க என்று ஸ்ரீகுமாரி அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டு போனாள். ராஜபாய் அடுக்களையில் அப்படியே நின்றாள். முளைத்தால் டீச்சர் கை. முளைக்காவிட்டால் வீட்டுக்காரியின் குற்றம். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வீட்டில் எத்தனையோ விதை முளைக்காமல் போயிருக்கும், ஒருத்தர்கூட அவளிடம் வந்து சொன்னதில்லை, எல்லாரும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொண்டார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. இந்தப் பேரை எந்தச் சோப்புப் போட்டும் கழுவ முடியாது. கோபத்தில் கையில் கிடைத்த கரண்டியைத் தொட்டிக்குள் எறிந்தாள். அது தெறித்து வந்து அவள் கால்மேலேயே விழுந்தது.

ஈஸ்டருக்கு விளையில் தெரிந்த பச்சை முழுக்கக் காட்டுச்செடிதான். சுந்தரதாஸ் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. நீ பாவம், உனக்கு நேரம் கிடைக்கவில்லை என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டு பொன்னப்பனுக்கு போன் போட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை விடிந்து வெயில் ஏறுவதற்குள் பொன்னப்பன் பிக்கப்பில் வாழைக்கன்றோடு வந்து இறங்கினான். கூடவே இரண்டு வங்காளப் பையன்கள். அவர்கள் கையில் மண்வெட்டி பேசியது. அவள் இரண்டு மாதமாகக் கொத்தமுடியாத மண்ணில் காடு வெட்டி, வரிசையாகக் குழி எடுத்து, குழிக்குக் குழி சாணிப்பொடியும் போட்டுவிட்டார்கள். ராஜபாய் அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் குழிகள் அவ்வளவு அழகாக இருந்தன. இவ்வளவு சுளுவான வேலைதானா இது என்று நினைத்தபோது வயிறு எரிந்தது.

அப்போது பொன்னப்பன் பின்வாசலில் வந்து நின்று, தலைக்கட்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"டீச்சரே, மொதல் கன்னு ஒங்களுக்க கையால வச்சுத் தரணும். இந்த எடத்த நான் பிடிச்சதே அதுக்காக்கும். டீச்சர் வீட்டு மண்ணு, டீச்சருக்க கை. இனி எனக்கு என்ன வேணும்?"

அவள் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே வந்தாள். முதல் குழிக்குப் பக்கத்தில் சுந்தரதாஸ் நின்றார். முட்டு வலிக்காரர், அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். கைராசியாவது மண்ணாங்கட்டியாவது என்று சொன்ன அதே மனுஷன், இருக்கிறதிலேயே நல்ல கன்றாகப் பார்த்து எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சர்ச்சில் காணிக்கைத் தட்டை நீட்டுகிறவர் மாதிரி நின்றார்.

ராஜபாய் அந்தக் கன்றைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் வாறேன் வாறேன் என்று சொல்லிப் பழகிய வாய் அதையே சொல்லத்தான் திறந்தது.

"வைக்கமாட்டேன்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பையன்கள்கூட மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பொன்னப்பன் நேரம் சரியில்லையா, நாளைக்கு வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டான்.

"நாளைக்கும் வைக்கமாட்டேன். ஒரு நாளும் வைக்கமாட்டேன். இது எனக்க விளையாக்கும். எனக்கு வேணும்."

பொன்னப்பன் முகம் வெளிறிவிட்டது.  பையன்களைக் கூப்பிட்டு, இறக்கி வைத்த கன்றுகளையெல்லாம் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னான். சுந்தரதாஸ் பதறிப்போனார். பேசி முடித்த காரியம், அவள் ஏதோ கோபத்தில் சொல்கிறாள், நான்தானே உனக்கு வாக்குக் கொடுத்தேன் என்று சொல்லிப் பார்த்தார். பொன்னப்பன் தலையை ஆட்டினான்.

"அண்ணா, கூப்பிட்டு டீச்சர் மாட்டேன்னு சொன்னதா இந்த நாட்டுல ஒருத்தனும் கேட்டதில்ல. எனக்க வாழையப் பாத்தாக்கும் மொதல் தடவையா அப்பிடிச் சொல்லுதாங்க. நான் பிள்ளகுட்டிக்காரன். இனி இதுல வாழை வச்சா கொல தள்ளாது, கொல வராது அண்ணா."

வண்டி போயிற்று. விளையில் குழிகள் மட்டும் வாயைத் திறந்து கிடந்தன. ராஜபாய்க்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். வந்தது கோபம்தான். அறுபது தாண்டிய வயசில் முதல் தடவையாக ஒரு வெளி ஆண்பிள்ளை முகத்தைப் பார்த்து எனக்கு வேணும் என்று சொன்னாள். அது அவன் காதில் விழவே இல்லை. அவன் காதில் விழுந்தது சாபம். விளை அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவள் கேட்டதால் கிடைக்கவில்லை.

சுந்தரதாஸ் இன்னும் அந்தக் கன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றார். ஏற்ற மறந்துபோன ஒற்றைக் கன்று. அதைக் கீழே வைக்கவும் அவருக்குப் பயமாக இருந்தது போலிருக்கிறது. அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏட்டி, அவன் வச்சிருந்தா நெசமாவே கொல வந்திருக்காதோ?"

"விளை எனக்கு வேணும்னாக்கும் நான் சொன்னது" என்றாள் ராஜபாய்.

"அது செரி. கொல வந்திருக்காதோன்னாக்கும் நான் கேட்டது."

அவள் உள்ளே போய் விதையை எடுத்து வந்து, முதல் குழிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். சுந்தரதாஸ் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கையப் பாக்காண்டாம்" என்றாள் அவள். "போய்த் தண்ணி கொண்டு வாருங்க."